பழைய ரீவிட பின்மூடி கழட்ட முதல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கனபேர் பழைய பெட்டி ரீவி திருத்துறது பத்தித்தான் கேட்டிருக்கிறீங்க. எல்லாரும் தட்டை ரீவிக்கு மாறிட்டாங்க எண்டு பாத்தா இல்ல, ரூபவாஹினி 1982ல தொடங்கின காலத்து கறுப்பு வெள்ளை செட்டுல இருந்து பிறகு வந்த 21 இஞ்ச் கலர் செட் வரைக்கும் இன்னும் வீடுகள்ல துணி போட்டு மூடி வைச்சிருக்காங்க, அதைத் திருத்திப் பாக்க ஆசைப்படுற பொடியனுகளும் இருக்காங்க. சந்தோசம். ஆனா படம் ஏன் வரல்ல, சத்தம் ஏன் வரல்ல எண்ட கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வைச்சிட்டன், ஏனெண்டா அதுக்கு முதல் பேச வேண்டிய விசயம் ஒண்டு இருக்கு.

*கேள்வி (களுவாஞ்சிக்குடி):* அப்பா வாங்கின 21 இஞ்ச் கலர் ரீவி ஆறு மாசமா ஓடாம கிடக்கு. நான் ரேடியோ, ஃபேன் எல்லாம் திருத்துவன், இதையும் பாப்பம் எண்டா பக்கத்து வீட்டு அண்ணன் விடுறாரில்ல. ப்ளக் கழட்டி எவ்வளவு நாளானாலும் பிக்சர் ட்யூப்ல கறண்ட் நிக்கும், தொட்டா ஆள் முடிஞ்சுது எண்டு சொல்றார். உண்மையா?

அவர் சொன்னது பாதி சரி தம்பி. பிக்சர் ட்யூப் எண்டது கண்ணாடியால செஞ்ச ஒரு பெரிய கப்பாசிட்டர்தான், அதாவது கறண்ட பிடிச்சு வைக்கிற சாமான். உள்ளுக்க ஒரு கறுப்புப் பூச்சு, வெளியில ஒரு கறுப்புப் பூச்சு, நடுவுல கண்ணாடி. ஓடக்குள்ள ஃப்ளைபேக்ல (ஹைவோல்டேஜ் உண்டாக்கிற ட்ரான்ஸ்போமர்ல) இருந்து வாற அந்தத் தடிச்ச சிவப்பு வயர் வழியா 21 இஞ்ச் கலர் செட் எண்டா 25 ஆயிரம் வோல்ட் அளவுல உள்பூச்சுக்குப் போகும், சின்ன கறுப்பு வெள்ளை செட் எண்டா 10, 12 ஆயிரம். நிப்பாட்டினாப் பிறகு அது இறங்க வழியில்லாட்டி அங்கயே நிக்கும், நாள் கணக்குல, சில ட்யூப்ல கிழமைக் கணக்குல. பிறகு வந்த கன ஃப்ளைபேக்குள்ள இதை மெல்ல இறக்கிற ரெசிஸ்டர் வைச்சிருக்காங்க, உங்கட செட்லயும் இருக்கலாம், ஆனா அதை நம்பி கை வைக்கக் கூடாது, அது உள்ளுக்க அறுந்திருந்தா வெளியில இருந்து பாத்து கண்டுபிடிக்க ஏலா.

ஆனா அவர் சொல்லாம விட்டதுதான் எனக்கு கூடப் பயம். எல்லாரும் ட்யூபுக்குப் பயந்து அதையே பாத்துக்கொண்டு நிக்கிறாங்க, பவர் பக்கத்துல 400 வோல்ட் எண்டு எழுதிக் கிடக்கிற தடிச்ச கப்பாசிட்டர ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்ல. நம்மட 230 வோல்ட் கறண்ட் டயோட் வழியா வந்து அதுக்குள்ள 325 வோல்ட் டீசியா, ஒரே திசைக் கறண்டா, நிக்குது. கணக்குப் போட்டுப் பாருங்க, 220 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் 325 வோல்ட்ல பிடிச்சு வைக்கிற சக்தி 11 ஜூலுக்கு மேல. ட்யூப்ல வோல்ட் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அதுட கொள்ளளவு ரெண்டு நானோஃபரட் மாதிரித்தான், அதால 25 ஆயிரம் வோல்ட்லயும் 1 ஜூல் கூட வராது. ட்யூப் அடிச்சா ஆள் பதறி கைய வெடுக்கெண்டு இழுக்கிறார், அந்த இழுவையில கை சேர்கிட் போட் விளிம்புல வெட்டுப்படும், முழங்கை பட்டு ட்யூப் கழுத்து ஒடியும், தூக்கிப் பிடிச்சிருந்தா ட்யூபே கீழ விழும். நெஞ்சு வருத்தக்காரருக்கு அந்த ஒரு அடியே ஆபத்து, அதைச் சின்னதா நினைக்க வேணாம். ஆனா பெரிய கப்பாசிட்டர் ஒரு கையால ஏறி மற்றக் கையால இறங்கிச்செண்டா அது நெஞ்சுக்குள்ளாலதான் போகுது. ப்ளக்கும் சுவத்துல இருந்தா கைய விட ஏலாமப் பிடிச்சிக்கிட்டே இருக்கும்.

இன்னொண்டு, ஓடாத செட்தான் இதுல பொல்லாதது. நல்லா ஓடுற செட்ட நிப்பாட்டினா மிச்சக் கறண்ட செட்டே குடிச்சு முடிச்சிரும். ஸ்டார்ட் பண்ற ரெசிஸ்டர் அறுந்து செத்துக் கிடக்கிற செட் எண்டா அந்த 325 வோல்ட் போறதுக்கு இடமில்லாம அப்பிடியே நிக்கும். உங்கட செட் ஆறு மாசம் சும்மா கிடந்ததால இப்ப அதுல ஒண்டும் இருக்காது, ஆனா வேலை செய்யுதா எண்டு பாக்க ஒருக்கா ப்ளக்க குத்தி எடுத்தீங்க எண்டா திரும்ப நிறைஞ்சிரும். "கறண்டே வரல்ல, செட் செத்துட்டு" எண்டு நினைச்சு போட்டத் தூக்கி அடிப்பக்கம் உள்ளங்கைய வைக்கிறது அந்த நேரத்துலதான்.

இப்ப செய்யிற முறை. ப்ளக்க சுவத்துல இருந்து கழட்டுங்க, சுவிட்ச நிப்பாட்டினா மட்டும் போதாது, அன்டனா வயரையும் எடுங்க. மோதிரம், சங்கிலி, மணிக்கூடு கழட்டி வைங்க. பின்மூடிய நேரா பின்னுக்கு இழுங்க, சரிச்சு இழுத்தா ட்யூப் கழுத்துல முட்டும், அந்தக் கழுத்துக் கண்ணாடி மெல்லிசு. முதல்ல பெரிய கப்பாசிட்டர். மீட்டர 1000 வோல்ட் டீசில வைச்சு அதுட ரெண்டு கால்லயும் பாருங்க. வோல்ட் காட்டினா 2.2 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒண்டுக்கு ரெண்டு பக்கமும் நல்ல வயர் பிடிச்சு, உலோகம் கையில படாம கவர் போட்டு, அந்த ரெண்டு கால்லயும் ஒரு அஞ்சு செக்கன் பிடிச்சா இறங்கிரும். திரும்ப மீட்டர்ல பாத்து உறுதிப்படுத்துங்க. ஸ்க்ரூட்ரைவரால நேரா சோட் பண்ண வேணாம், தீப்பொறி கண்ணுக்குத் தெறிக்கும், கப்பாசிட்டரும் பழுதாகும்.

அடுத்தது ட்யூப். ட்யூபுட முதுகுல கறுப்புப் பூச்சுக்கு மேலால கவர் இல்லாம பின்னின கம்பி ஒண்டு இழுத்துக் கட்டிக் கிடக்கும், ஸ்ப்ரிங் போட்டிருப்பாங்க. அதுதான் உங்கட எர்த். போட்ல இருக்கிற எர்த்துல கொழுவ வேணாம், ட்யூப்ல இருக்கிற சார்ஜ் அவ்வளவும் போட்டுக்குள்ளால பாய்ஞ்சு ஐசி எல்லாம் போயிரும். நீளமான தட்டை ஸ்க்ரூட்ரைவர், பிடி தடிச்ச ப்ளாஸ்டிக், வெடிப்பில்லாதது. அதுட கம்பில ஒரு வயர கிளிப் போட்டு இறுக்கி மற்றப் பக்கத்த முதல்ல அந்தப் பின்னல் கம்பில கொழுவுங்க. முதல்ல எர்த், பிறகுதான் ட்யூப், இந்த ஒழுங்கு மாறக் கூடா. இடக்கைய முதுகுக்குப் பின்னால வைச்சிக்கிட்டு வலக்கையால மட்டும் ஸ்க்ரூட்ரைவர சிவப்பு வயர்ட ரப்பர் தொப்பிக்கு அடியால கண்ணாடிய ஒட்டினாப்போல மெல்ல நுழைங்க, உள்ளுக்க இருக்கிற கம்பிக் கொக்கில முட்டும் வரைக்கும். சார்ஜ் இருந்தா "டக்" எண்டு ஒரு சத்தம் வரும், இல்லாட்டி ஒண்டும் வராது. சத்தம் வரல்ல எண்டதுக்காக அவசரப்பட வேணாம், முட்டினது உறுதியா எண்டு பாத்து கொஞ்ச நேரம் அப்பிடியே பிடிங்க. பிறகு எடுத்துட்டு ஒரு பத்து நிமிசம் கழிச்சு இன்னொருக்கா அதே மாதிரிச் செய்யுங்க. ஏனெண்டா கண்ணாடி ஊறிப் பிடிச்ச சார்ஜ் திரும்ப வெளிய வரும், முதல்தரம் இறக்கின ட்யூப் ரெண்டாம்தரமும் "டக்" எண்டுறது புதுமையில்ல. ட்யூப கழட்டி வெளிய வைக்கப் போறீங்க எண்டா ரப்பர் தொப்பி இருந்த ஓட்டையையும் பின்னல் கம்பியையும் ஒரு வயரால சேத்துக் கட்டி விட்டிருங்க.

*கேள்வி (அக்கரைப்பற்று):* ரீவி கடையொண்டுல வேலை பழகுறன். ஃப்ளைபேக் நல்லமா எண்டு பாக்க முதலாளி அந்த சிவப்பு வயர கழட்டி செட்ட ஓடவிட்டு ஸ்க்ரூட்ரைவர கிட்ட கொண்டு போய் ஸ்பார்க் இழுத்துக் காட்டுவார். நானும் அப்பிடிச் செய்யலாமா?

செய்யாத மனே. முதலாளி வேலை தெரிஞ்சவராத்தான் இருப்பார், ஆனா இந்தப் பழக்கம் பிழை. ஸ்பார்க் நீளமா வந்திச்சா கட்டையா வந்திச்சா எண்டத வைச்சு எத்தின ஆயிரம் வோல்ட் எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலா. ஆனா அந்த ஒவ்வொரு ஸ்பார்க்கும் ஃப்ளைபேக்குள்ள இருக்கிற டயோடுக்கும் ஃப்ளைபேக்க ஓட்டுற லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டருக்கும் அடி, நல்லா இருந்த ஃப்ளைபேக் சோதிச்சதாலயே பழுதாகும். அதோட கூர்முனைல இருந்து 25 ஆயிரம் வோல்ட் காத்துல ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றர் தானாப் பாயும், உன்ட விரல் அந்த எல்லைக்குள்ள வந்தா தொட வேண்டிய தேவையே இல்ல.

இதுக்கு வேற வழி இருக்கு. கழுத்துக்குள்ள செம்மஞ்சளா ஹீட்டர் எரியுதா எண்டு பார், அநேக செட்ல ஹீட்டருக்கு கறண்ட் வாறதே ஃப்ளைபேக்ல இருந்துதான், அது எரிஞ்சா ஃப்ளைபேக் ஓடுது எண்டு அர்த்தம். செட் போடக்குள்ள கண்ணாடிக்கு முன்னால கைய கொண்டுபோனா கைமயிர் சிலிர்க்கும், "சர்ர்" எண்டு சத்தமும் வரும், அப்ப ஹைவோல்டேஜ் இருக்கு. ஃப்ளைபேக்குக்குப் போற டீசிய அளந்து பார், 14, 21 இஞ்ச் செட்ல அது அநேகமா 110, 115 வோல்ட் பக்கத்துல நிக்கும். அது சரியா எண்டு சந்தேகமா, லைன் அவுட்புட் பக்கத்த பிரிச்சிட்டு அந்த இடத்துல 60 வாட் பழைய இழைக் குமிழ் ஒண்டப் போட்டு பவர் சப்ளைய தனியா சோதி. லைன் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்ட கலெக்டர்ல மாத்திரம் சாதாரண மீட்டர வைக்காத, அதுல ஒவ்வொரு துடிப்பும் ஆயிரம் வோல்ட்டத் தாண்டும், மீட்டர் உன்ட கையிலயே வெடிக்கும்.

உண்மையா எத்தின ஆயிரம் எண்டு அளக்கத்தான் வேணும் எண்டா அதுக்கெண்டே ஹைவோல்டேஜ் ப்ரோப் இருக்கு, நீளப் பிடி, கைக்கு முன்னால வளையம் வளையமா தடுப்பு, உள்ளுக்க 1000 மெகா ஓம் ரெசிஸ்டர், 40 ஆயிரம் வோல்ட் வரைக்கும். அதுட எர்த் கிளிப்ப ட்யூப்ட பின்னல் கம்பில கொழுவாம நுனிய கொண்டு போகவே கூடா. இன்னொரு நன்மையும் இருக்கு, செட்ட நிப்பாட்டிட்டு ப்ரோப அங்கயே வைச்சிருந்தா சார்ஜும் அதுக்குள்ளால இறங்கும், ப்ரோப்ட மீட்டர் முள்ளு கீழ வாறத கண்ணால பாக்கலாம். கடைக்கு ஒண்டு வாங்கச் சொல்லி முதலாளிட்ட நல்ல விதமா கேள்.

*கேள்வி (காத்தான்குடி):* எங்கட ஊட்டுல 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கு, ரப்பர் செருப்பும் போட்டுட்டுத்தான் வேலை செய்யிற. பிறகும் என்ன பயம் நானா?

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது நல்ல விசயம், கழட்டிராதீங்க. ஆனா அது என்னத்தப் பாக்குது எண்டு விளங்கிக்கொள்ளணும். லைன்ல போற கறண்டும் நியூட்ரல்ல திரும்பி வாற கறண்டும் சமனா எண்டு மட்டும்தான் பாக்குது. உங்கட உடம்பால நிலத்துக்கு இறங்கினா சமன் குழம்பும், விழும். ஒரு கை ப்ளஸ்லயும் மற்றக் கை மைனஸ்லயும் பட்டா சமன் குழம்பாது, நீங்களும் ஒரு குமிழ் மாதிரித்தான் அதுக்குத் தெரியும், விழாது. ப்ளக் கழட்டினாப் பிறகு கப்பாசிட்டர்ல நிக்கிறதுக்கும் ட்யூப்ல நிக்கிறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. செருப்பும் அப்பிடித்தான், கையில இருந்து கைக்குப் போற கறண்ட செருப்பு தடுக்காது.

இந்த செட்டுகள்ல பவர் பக்கத்து எர்த் எண்டு நினைக்கிற இடமே வீட்டு மெயின் லைனோட நேரா தொடர்புள்ளது. போட்ல அந்தப் பகுதிய கோடு போட்டுப் பிரிச்சிருப்பாங்க, கன போட்ல சாய்வுக் கோடும் அடிச்சிருக்கும், ஒருக்கா குனிஞ்சு பாத்து வைச்சிக்கோங்க. ஓசிலோஸ்கோப்ட (கறண்ட் துடிப்ப படமாக் காட்டுற கருவிட) எர்த் கிளிப்ப அங்க கொழுவினா வெடிதான். அதுக்குத்தான் 230க்கு 230 ஐசோலேசன் ட்ரான்ஸ்போமர், அதாவது செட்ட மெயின் லைன்ல இருந்து பிரிச்சு வைக்கிற ட்ரான்ஸ்போமர், போடுற. ஆனா கவனம், ட்ரான்ஸ்போமருக்குப் பிறகு உங்கட ட்ரிப் சுவிட்ச் ஒண்டுக்கும் உதவாது, நிலத்துக்குப் போற கறண்டு இல்லாமப் போனதால அது விழவே விழாது. ஒரு வயர தொட்டா ஒண்டும் செய்யாது, அதை நம்பி ரெண்டையும் தொட்டா காப்பாத்த ஆளில்ல. திருத்தின செட்ட முதல்தரம் போடக்குள்ள தொடர்ல ஒரு 100 வாட் பழைய குமிழ் வைச்சுப் போடுங்க, சோட் இருந்தா குமிழ் பளிச்செண்டு எரிஞ்சு நிக்கும், செட்டுக்கு சேதமில்ல. கறண்ட் இருக்கக்குள்ள உள்ளுக்க போறது ஒரே ஒரு கைதான். மழைக்கு ஈரமான சீமெந்து நிலத்துல குந்தியிருந்து செய்ய வேணாம், காஞ்ச பலகை போடுங்க.

*கேள்வி (கல்லடி):* மாரி தொடங்கினா எங்கட ரீவிட பின்பக்கத்துல "இஸ்ஸ்" எண்டு சத்தம், லைட்ட நிப்பாட்டினா ஊதா வெளிச்சமும் தெரியுது, ஒரு மாதிரி மணமும் வருது. கச்சான் காலத்துல ஒண்டும் இல்ல. ஏன்?

கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இருக்கிறீங்க அக்கா, அதுதான் காரணம். உப்பும் தூசும் ரப்பர் தொப்பியச் சுத்தி கண்ணாடில படிஞ்சு கிடக்குது, கச்சான் காத்துல காஞ்சு கிடக்கும் வரைக்கும் கறண்ட் அதுல ஓடாது, மாரி ஈரம் பட்ட உடன அந்தப் படிவு கறண்டுக்கு வழி விடுது. ஊதா வெளிச்சம் கறண்ட் காத்துக்குக் கசியிறது, மணம் ஓசோன். அதை அப்பிடியே ஓட விட்டா நாளைக்கு ஃப்ளைபேக் போகும், தூசில தீயும் பிடிக்கலாம், அதால மழை நாள்ல அந்த சத்தத்தோட ரீவி பாக்க வேணாம். திருத்துறவர் முதல் கேள்விக்குச் சொன்ன மாதிரி ட்யூப ரெண்டுதரம் இறக்கிட்டு தொப்பியக் கழட்டி, உள்பக்கமும் கண்ணாடியும் சேர்ஜிகல் ஸ்பிரிட் போட்டு துடைச்சு, நல்லாக் காயவிட்டு, தொப்பி விளிம்புக்கு சிலிக்கன் கிரீஸ் பூசிப் போடணும். ஸ்பிரிட் காயாம சுவிட்ச் போட்டா தீப்பிடிக்கும். ஊதா வெளிச்சம் ஃப்ளைபேக்ட உடம்பிலயே ஒரு வெடிப்புல இருந்து வருது எண்டா பசை பூசி காலம் தள்ள வேணாம், மாத்துங்க. வெள்ளத்துல நனைஞ்ச செட் எண்டா சுவிட்ச் போட்டுப் பாக்கவே கூடா.

*கேள்வி (சாய்ந்தமருது):* செட் போட்டு ரெண்டு செக்கன்ல தானா நிக்குது. ப்ரொடெக்சன் வயரக் கழட்டி விட்டா ஓடும் எண்டு ஒருத்தர் சொன்னார், அப்பிடியே ஓடுது. பிரச்சினையா?

பிரச்சினைதான், இண்டைக்கே நிப்பாட்டுங்க. அந்தப் பாதுகாப்பு சும்மா வைச்சதில்ல. ஹைவோல்டேஜ் அளவுக்கு மேல ஏறினா ட்யூப்ல இருந்து எக்ஸ்ரே கூட வரும், அதை நிப்பாட்டத்தான் செட் தானா நிக்குது. ட்யூப் கண்ணாடில ஈயம் கலந்திருக்கிறதும் அந்தக் கதிருக்காகத்தான், ஆனா அது சரியான வோல்ட்டுக்குக் கணக்குப் பாத்து கலந்தது. லைன் ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்துல 1600 அல்லது 2000 வோல்ட் எண்டு எழுதின சின்ன கப்பாசிட்டர் ஒண்டு நிக்கும், அது அறுந்தாலோ, இருந்ததுக்குக் குறைஞ்ச மைக்ரோஃபரட்ல வேற ஒண்டப் போட்டாலோ ஹைவோல்டேஜ் எகிறும். முதல்ல அதையும் டீசி வோல்டையும் பாக்கச் சொல்லுங்க. சேர்கிட் படத்துல முக்கோணத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட பாகம் எதுவா இருந்தாலும் அதே அளவு, அதே வோல்ட்தான் போடணும்.

*கேள்வி (செங்கலடி):* மகனுக்கு 15 வயசு. பழைய இரும்புக் கடையில இருந்து ரீவி ட்யூப் கொண்டந்து செம்புக்கம்பி எடுக்கிறான். கல்லால உடைக்கிறான், பயமா இருக்கு.

உடைக்க விடாதீங்க தங்கச்சி. ட்யூபுக்குள்ள காத்தில்ல, உடைஞ்சா வெளிக்காத்து உள்ளுக்கு அடிச்சு கண்ணாடி நாலு பக்கமும் பறக்கும், கண் போயிரும். கண்ணாடில ஈயம், உள்ளுக்க பளபளக்கிற மாவு, ரெண்டும் மூச்சோட உள்ளுக்க போகக் கூடாத சாமான். செம்பு விருப்பமெண்டா ட்யூபுட சார்ஜ இறக்கித் தரத் தெரிஞ்ச பெரியாள் ஒருத்தர் பக்கத்துல நிக்க, கழுத்துல உள்ள கொயில ஸ்க்ரூ கழட்டி எடுக்கலாம், ட்யூப் முழுசா இருக்கட்டும். பொடியனுக்கு கை வேலைல ஆர்வம் இருக்கெண்டா ஏசாம, வேலை தெரிஞ்ச ஒருவருக்குப் பக்கத்துல இருத்தி விடுங்க.

*கேள்வி (ஆரையம்பதி):* இவர் வீட்டுலயே ரீவி திருத்துறவர். எனக்கு ஒண்டும் தெரியா. கறண்ட் அடிச்சா நான் என்ன செய்யிற?

இந்தக் கேள்விய எல்லா வீட்டுலயும் கேக்கணும் அக்கா. முதல்ல ஓடிப்போய் அவரப் பிடிக்கக் கூடா, பிடிச்சா ரெண்டு பேருக்கும் அடிக்கும். மெயின் சுவிட்ச் எங்க இருக்கு எண்டு இண்டைக்கே கேட்டு வைங்க, அதை நிப்பாட்டுங்க. ஏலாட்டி காஞ்ச தும்புத்தடிப் பிடி, மரப்பலகை எதாலயாவது கைய விலக்கி விடுங்க. பிறகு 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும். கூப்பிட்டா அசையல்ல, மூச்சும் சரியா இல்ல எண்டா நெஞ்சுட நடுவுல ரெண்டு உள்ளங்கையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமத்துங்க, நிமிசத்துக்கு 100ல இருந்து 120 தரம், ஆள் வரும் வரைக்கும் நிப்பாட்டாம. அடிச்சு விட்டுட்டு, "எனக்கொண்டும் இல்ல" எண்டு எழும்பி இருந்தாலும், கைக்குக் கை பாய்ஞ்சது எண்டா ஆஸ்பத்திரில ஒரு ஈசிஜி எடுக்கத்தான் வேணும், இதயம் பிறகும் தடுமாறலாம். அவர்ட்டயும் சொல்லுங்க, வீட்டுல ஒருத்தரும் இல்லாத நேரம் மூடி கழட்டின செட்டுக்கு கறண்ட் குடுக்க வேணாம்.

*கேள்வி (திருக்கோவில்):* ட்யூப் ரீவி விட்டா எல்ஈடி ரீவியும் மைக்ரோவேவ் அவனும் திருத்தப் பழகலாமா?

எல்ஈடி ரீவில 25 ஆயிரம் வோல்ட் இல்ல, ஆனா பவர் போட்ல அதே 325 வோல்ட், சில பெரிய செட்ல 400 வோல்ட் வரைக்கும் கப்பாசிட்டர்ல நிக்கும், பின்வெளிச்ச லைனிலயும் 100 வோல்ட் தாண்டும். மேல சொன்ன மீட்டரும் ரெசிஸ்டரும் அதுக்கும் பொருந்தும், பழகுங்க. மைக்ரோவேவ் வேற விசயம். அதுல ஆயிரக்கணக்கான வோல்டோட ஆள்கொல்ற அளவு கறண்டும் சேந்தே வருது, ரீவி ட்யூப்ல கை உதறித் தப்பினவர் அதுல தப்ப மாட்டார். புத்தகம் பாத்தோ என்ட பதில் பாத்தோ பழகிற சாமான் இல்ல அது, அதை முறையாப் படிச்ச ஒருத்தரோட கூட நிண்டு பழகுங்க, அது வரைக்கும் அதுட மூடிய திறக்க வேணாம்.